பாய்க்கு எத்தனை கெஜம்?

நெசவாளரும் பயிர்த்தொழில் புரிவோரும் படிக்கும் இவ்விதழில் பாய்ப்படகைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அங்கத்தினர்கள் வியப்புறக்கூடும். தாம்பரத்தில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் தெரிவதில்லை. ஆயினும் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே சென்றால் அலையோசை கேட்கும் தொலைவுதான். தறியிலிருந்து இறங்கும் துணி கடலுக்குப் போகும்போது எந்தக் கணக்கில் போகிறது என்பதை அறியாமையால், நான் பார்வையிடும் நெசவாளர் சங்கங்களுள் ஒன்று 2024ஆம் ஆண்டில் நஷ்டமடைந்தது. அச்சங்கத்தின் பெயரை இங்குக் கூறவில்லை. அந்த நஷ்டத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். மதிப்பீட்டுத் தாளின் அடியில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான்.

நடந்தது இதுதான். அவ்வாண்டு ஆவணி மாதத்தில், சென்னைத் துறைமுகத்தில் பழுதுபார்ப்பதற்காகத் தங்கியிருந்த ஒரு பழைய பாய்ப்படகின் உரிமையாளர் சங்கத்தைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற கப்பற்பொறியாளர், பருத்தித்துணியின்மீது தனிப்பற்று உடையவர். படகின் பின்பாய் ஒன்றும், வெயிலுக்கும் மழைக்கும் மேற்கட்டி ஒன்றும் கைத்தறிக் கித்தானில் வேண்டும் என்றார். படுக்கை விரிப்பும் துண்டும் நெய்துவந்த சங்கத்திற்கு இஃது ஒரு புதிய வாயில் என்று காரியதரிசி மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன்.

அப்படகு எத்தகையது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். பெரும்பாலான பாய்ப்படகுகளில் சுக்கான் பிடிப்பவர் அமரும் பள்ளம் படகின் பிற்பகுதியில் இருக்கும். ‘காக்பிட்’ என்று அதனைக் கூறுவர். இப்படகிலோ அது நடுவில், சற்று உயர்த்தி அமைக்கப்பட்டிருந்தது. நெடும்பயணத்தில் மாதக்கணக்காகக் குடும்பத்துடன் வாழ்வோர்க்காக வந்த அமைப்பு இது. பள்ளம் நடுவில் வந்துவிட்டால் பின்புறம் முழுவதும் ஒரு தனியறை கிடைக்கிறது; பள்ளத்தின் கீழே இயந்திரத்திற்குத் தாராளமான இடமும் கிடைக்கிறது. 1960, 1970களில் இவ்வமைப்புப் பெரிதும் விரும்பப்பட்டது. டெட் புரூவர் என்பவர் வரைந்து, கனடா நாட்டில் 1970களின் தொடக்கம் முதல் கட்டப்பட்ட ‘விட்பி 42’ என்னும் படகு இவ்வகையில் பேர்பெற்றது. நீளம் 42 அடி, அகலம் 13 அடி, எடை 23,500 ராத்தல், பாய்களின் மொத்தப் பரப்பு 875 சதுர அடி. அதாவது 97 சதுர கெஜத்திற்கு மேல். ஒரு படகின் உடுப்புக்கு இவ்வளவு துணி என்றால் நெசவாளர் அதனைக் கவனிக்காமல் இருக்கலாகுமா?

நம் சங்கத்திற்கு வந்த படகும் அக்காலத்தது, அவ்வகையினது. பெரிய பாய்மரம் முன்னே, சிறிய பாய்மரம் பின்னே என இரண்டு மரங்கள். நடுப்பள்ளத்தில் அமர்ந்திருப்பவர் தலையில் இடிக்காதபடி, பெரிய பாயின் அடிக்கழியை உயரத்தில் வைத்தாக வேண்டும். அதனால் அதே உயரமுள்ள மரத்தில் பாயின் உயரம் சற்றுக் குறைந்துபோகிறது. சுகத்திற்குக் கொடுக்கும் விலை அது. மேற்கட்டி என்று அவர் கேட்டது, பள்ளத்திற்கு மேலே, இரு மரங்களுக்கும் இடையில் கட்டுவது.

உரிமையாளர் கொடுத்த தாளில் ஆறு ஆங்கிலக் குறியீடுகளும் அவற்றின் எதிரே எண்களும் இருந்தன. உலகெங்கும் பாய்ப்படகுக்காரர்கள் இக்குறியீடுகளைத்தான் கையாளுகிறார்கள். ‘ஐ’ என்பது, முன்னாலிருந்து மரத்தைத் தாங்கும் கம்பி மரத்தில் சேரும் இடத்திற்குத் தளத்திலிருந்து உள்ள உயரம். ‘ஜே’ என்பது, மரத்தின் முன்புறத்திலிருந்து அக்கம்பியின் அடி வரையுள்ள தூரம். இவ்விரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் முன்முக்கோணத்தின் பரப்பு. ‘பி’ என்பது பெரிய பாய் மரத்தையொட்டி ஏறும் உயரம். ‘இ’ என்பது அடிக்கழியையொட்டிக் கிடக்கும் நீளம். பின்மரத்துப் பாய்க்கும் இதே இரண்டு எழுத்துகளுடன் ‘ஒய்’ சேர்த்து எழுதுவர். நம் படகின் தாளில் ஐ 45 அடி, ஜே 17 அடி, பி 38 அடி, இ 13 அடி. பின்பாய்க்கு உயரம் 22 அடி, அடிநீளம் 9 அடி.

காரியதரிசி பள்ளியில் படித்த கணக்கை மறவாதவர். இருபத்திரண்டையும் ஒன்பதையும் பெருக்கிப் பாதியாக்கினார்: 99 சதுர அடி, அதாவது 11 சதுர கெஜம். நம் தறியில் இறங்கும் துணி 36 அங்குல அகலம். ஆகவே 11 கெஜம் துணி. சேதாரத்திற்கு ஒரு கெஜம். மொத்தம் 12 கெஜம், கெஜம் 310 ரூபாய் என்று விலை எழுதிக் கொடுத்தார். கணக்கில் பிழை இல்லை என்றே நானும் கண்டேன். கணக்கில் பிழை இல்லைதான். கணக்கே வேறு என்பது பின்னர்தான் தெரிந்தது.

நூல் வாங்குவதற்கு முன் ஒரு நல்ல காரியம் நடந்தது. தாளில் ‘எட்டு அவுன்சு துணி’ என்றிருந்தது. சதுர கெஜத்திற்கு எட்டு அவுன்சு என்று கொண்டு மாதிரி நெய்து காட்டியபோது, உரிமையாளர் தடவிப் பார்த்து, மெலிவாக இருக்கிறதே என்றார். விசாரித்ததில் ஒரு விந்தை வெளிப்பட்டது. அமெரிக்கப் பாய் தைப்போர் ‘கெஜம்’ என்று கொள்வது 36 அங்குல நீளமும் 28½ அங்குல அகலமும் உள்ள துண்டையாம்! முன்னாளில் கித்தான் அந்த அகலத்தில் நெய்யப்பட்டதன் எச்சம் அது. அவர்களுடைய எட்டு அவுன்சு, நம் சதுர கெஜத்திற்குப் பத்து அவுன்சுக்குச் சற்று மேல். மாதிரியைக் காட்டியதால் இந்த ஒரு பிழை தப்பியது.

முதலில் மேற்கட்டி தயாராயிற்று. 12 அடி நீளம், 9 அடி அகலம். ஓரமடிப்பையும் தையலையும் எண்ணி நான்கு பட்டைகளாக 16 கெஜம் செலவாயிற்று. புரட்டாசியில் கொண்டுபோய்க் கட்டியபோது வெகு அழகாக இருந்தது என்று உரிமையாளரே பாராட்டினார். ஐப்பசியில் முதல் மழை பெய்து, வெயிலில் உலர்ந்தபின் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. மேற்கட்டியின் கொக்கிகள் வளையங்களை எட்டவில்லை. முழு நீளத்தில் எட்டரை அங்குலம் குறைந்திருந்தது. பாவில் இழுத்து நெய்த பருத்தி நூல் முதல் நீரில் சுருங்கும் என்பது தறிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். துண்டுக்கும் விரிப்புக்கும் அது பெரிய குறையன்று. கொக்கிக்கு அளவெடுத்த துணிக்கு அது முழு நஷ்டம். எஞ்சியிருந்த துணியில் ஒரு கெஜம் வெட்டி நனைத்து உலர்த்திப் பார்த்தோம். 34 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவாக நின்றது. நெய்யுமுன் செய்திருக்க வேண்டிய சோதனை.

அதன் பிறகு பின்பாய். சங்கத்துக் கொட்டகையின் தரையில் நூல் கட்டி, சுண்ணாம்புக்கட்டியால் 22 அடிக்கு 9 அடி முக்கோணம் வரைந்து, நெய்து வைத்திருந்த 12 கெஜத்தையும் பட்டை பட்டையாக அதன்மேல் பரப்பினோம். கூடாரம் தைத்துப் பழகிய தையற்காரர் ஒருவர் உடனிருந்தார். துணி தீர்ந்தபோது முக்கோணத்தின் உச்சிப்பகுதி வெறுந்தரையாகக் கிடந்தது. காரியதரிசி ஒன்றும் பேசாமல் சுவரோரம் போய் அமர்ந்துகொண்டார்.

இங்கே கணக்கை அங்கத்தினர்களுக்கு விரித்துரைக்க விரும்புகிறேன். மரத்தையொட்டிய முன்விளிம்பு 22 அடி, அடிவிளிம்பு 9 அடி என்றால், காற்றில் தனியே நிற்கும் பின்விளிம்பு 23 அடி 9 அங்குலம். இக்காலப் பாய்களில் துணிப்பட்டைகளைப் பின்விளிம்புக்குச் செங்குத்தாக வைப்பது வழக்கம். 36 அங்குலத் துணியில் தையலுக்கு ஓர் அங்குலம் போனால் நிற்பது 35 அங்குலம்; 23 அடி 9 அங்குலத்தை மூட ஒன்பது பட்டைகள் வேண்டும். முக்கோணமாகையால் ஒவ்வொரு பட்டையும் தன் நீண்ட பக்கத்தின் அளவுக்கு வெட்டப்பட வேண்டும். நீண்டது 8 அடி 4 அங்குலம். உச்சியில் வருவது சிறு துண்டு. ஒன்பதையும் கூட்டினால் ஏறக்குறைய 42 அடி. ஓரமடிப்புக்கும் விளிம்பின் வளைவுக்கும் பட்டைக்கு ஓர் அடி வீதம் சேர்த்தால் 51 அடி, அதாவது 17 கெஜம். பாயின் இழுவை முழுவதும் மூன்று மூலைகளில் சேர்வதால் அங்கே பல மடிப்பு ஒட்டு வைத்துத் தைக்க வேண்டும். அதற்கு இரண்டு கெஜம். சுருக்கத்திற்கு ஒரு கெஜம். ஆக 20 கெஜம். பதினொரு சதுர கெஜப் பாய்க்கு இருபது கெஜத் துணி! ரவிக்கை வெட்டும் எந்தத் தையற்காரருக்கும் புதிதல்லாத இவ்வுண்மை, ஒரு பட்டதாரியின் கண்ணுக்குத் தாளில் தெரியாமற்போயிற்று.

நிற்க. குறைந்த துணியை நெய்வதற்கு முன், இதனை அறிந்த ஒருவரையேனும் கேட்போம் என்று நானும் காரியதரிசியும் கோவளம் சென்றோம். அக்கரையில் இன்று பாய் விரித்த கட்டுமரம் காண்பது அரிது. 1980களிலிருந்து இயந்திரம் பரவியது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த நாரிழைப் படகுகள் பெருகின. ஆனால் ஆஞ்சான் கயிற்றைப் பிடித்துப் பாய் ஏற்றி, தாமான் கயிற்றால் அதனைக் காற்றுக்குத் திருப்பிய கைகள் இன்னும் இருக்கின்றன. வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் எங்கள் சங்கடத்தைக் கூறினோம். அவர் முதலில் கேட்டது கெஜக்கணக்கையன்று.

“துணியை எந்தப் போக்கில் போடப் போகிறீர்கள், தம்பி?”

பின்விளிம்புக்குச் செங்குத்தாக என்றேன்.

“மரத்தில் கட்டும் பக்கத்துக்கு மரம் துணை. கீழ்ப்பக்கத்துக்குக் கழி துணை. ஒன்றும் துணையில்லாத பக்கம் எது?”

“பின்பக்கம், ஐயா.”

“அந்தப் பக்கத்துக்குத் துணியின் கரையைக் கொடுங்கள். கடலுக்குப் போனாலும் கரைதான் காப்பாற்றும்” என்று கூறிச் சிரித்தார்.

இதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை நெசவாளர் உடனே அறிவர். ஒரு துண்டைப் பாவின் போக்கில் இழுத்தால் நீளாது. ஊடையின் போக்கில் இழுத்தால் சிறிது கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தாலோ இரப்பர் போல் நீளும். காற்று நிறைந்த பாயில் பெரும் இழுவை பின்விளிம்பையொட்டி ஓடுகிறது. அந்த இழுவை நூலின் போக்கில் அமையாமல் மூலைப்போக்கில் அமைந்துவிட்டால், பாய் தொய்ந்து பையாகும். பையான பாய் படகைப் பக்கவாட்டில் சாய்க்குமேயன்றி முன்னே செலுத்தாது. செங்குத்துப் பட்டை முறையில் பின்விளிம்பின் இழுவையைத் தாங்குவது ஊடை. அதற்கென்றே ஆலைகளில் ஊடையைப் பருமனாகவும் நேராகவும், பாவை மெல்லியதாகவும் அமைத்துத் துணி செய்கிறார்கள். நம் கைத்தறிக் கித்தானிலோ வலிமை பாவில் இருக்கிறது. ஆகையால் நமக்கு உரியது, பட்டைகளைப் பின்விளிம்புக்கு இணையாக நிறுத்தும் பழைய முறை. கப்பற்பாய்கள் நெடுங்காலம் அவ்வாறே தைக்கப்பட்டன. செங்குத்து முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலாயிற்று.

அம்முறையில் நம் பின்பாய்க்கு வேண்டியவை மூன்றே பட்டைகள்: 23 அடி 9 அங்குலம், 15½ அடி, 7 அடிக்குச் சற்று மேல். ஓரத்திற்கும் மூலைகளுக்கும் சுருக்கத்திற்கும் சேர்த்தால் 20½ கெஜம். துணிச்செலவில் ஆதாயம் இல்லை. ஆனால் எட்டுத் தையல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே தையல். பின்விளிம்பு முழுவதும் முறியாத ஒரே பாவு. பாயின் வயிற்றுக்கு வேண்டிய வளைவை முன்விளிம்பையும் அடிவிளிம்பையும் சிறிது வில்லாக வெட்டிக் கொண்டுவந்தார் தையற்காரர். நெசவிலும் ஒரு மாற்றம் செய்தோம். அச்சுப்பலகையை ஊடைக்கு இரண்டு அடி வீதம் அடித்து நெருக்கினர். கை வலித்தது என்று நெய்தவர் கூறியதையும் பதிவு செய்கிறேன். அதற்குக் கூலி கூட்டித் தரப்படவில்லை.

துணியின் நெருக்கம் கடலில் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில், ‘அமெரிக்கா’ என்னும் நியூயார்க் படகு ஆங்கிலேயப் படகுகளையெல்லாம் வென்றது. அன்று அது வென்ற கோப்பைதான் அப்படகின் பெயராலேயே இன்றும் போட்டியிடப்படுகிறது. ஆங்கிலேயரின் பாய்கள் ஆளிநாரில் கையால் நெய்தவை. கண்ணறை இறுகுவதற்காக அவற்றின்மேல் நீர் தெளிப்பார்கள். அமெரிக்கப் படகின் பாய் இயந்திரத்தில் நெருக்கமாக நெய்த பருத்திக்கித்தான். தட்டையாக நின்றது, தொய்யவில்லை. படகின் உடலமைப்பும் வெற்றிக்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை; ஆனால் அதன்பின் ஆங்கிலேயரும் பருத்திக்கு மாறினர். கைநெசவு தோற்ற கதையாக இதனைச் சிலர் கூறுவர். தோற்றது தளர்ந்த நெசவு என்பேன் நான்.

பயிர்த்தொழில் புரியும் அங்கத்தினர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பந்தயப் பாய்களுக்குப் பின்னர் நீண்ட இழைப் பருத்தியே, சிறப்பாக எகிப்தியப் பருத்தியே விரும்பப்பட்டது. இழை நீண்டால் மெல்லிய நூலும் வலிமையாகும். அத்தகைய மிகநீண்ட இழைப் பருத்தி நம் நாட்டிலும் உண்டு. கோயம்புத்தூரில் உருவாகி 1974இல் வெளியான ‘சுவின்’, சுஜாதா என்னும் இரகத்தையும் கரீபியக் கடலிலுள்ள செயின்ட் வின்சென்ட் தீவின் பருத்தியையும் கலந்து பெற்றது. ஆனால் அது வருவதற்குள் பாய்க்குப் பருத்தியின் காலம் முடிந்திருந்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்ட டெரிலீன் இழை, 1950களில் பாய்த்துணியாக வந்து பருத்தியை அகற்றிவிட்டது. அது நீரில் சுருங்காது, பூஞ்சை பிடிக்காது. முன்னாளில் நம் கரையோரத்தார் வலையையும் பாயையும் மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துக் காத்த உழைப்பெல்லாம் அதற்குத் தேவையில்லை. இதனை மறைத்து, பாய்த்துணி நெய்து செழிக்கலாம் என்று சங்கங்களுக்கு ஆசை காட்டுவது தகாது.

பாய் என்பதே மறைந்துபோன பொருள் என்றும் எண்ணிவிட வேண்டாம். சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. டோக்கியோவில் அவர் செலுத்திய ஒற்றையாள் படகின் பாய் 5.76 சதுர மீட்டர். ஏழு சதுர கெஜத்திற்கும் சற்றுக் குறைவு. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, தோழி தில்னாவுடன் ‘தாரிணி’ என்னும் பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29இல் திரும்பினார். நம் கொட்டகையில் பின்பாய் தைத்துக்கொண்டிருந்த நாட்களில் அவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். தறிகளில் இருந்த பெண்கள் அச்செய்தியை நாள்தோறும் கேட்டறிந்தார்கள்.

இனி நஷ்டக் கணக்கு. பின்பாய்க்குக் கூடுதலாகச் சென்ற துணி 8½ கெஜம், 2,635 ரூபாய். மறுபடி நெய்த மேற்கட்டி 16 கெஜம், 4,960 ரூபாய். ஆக 7,595 ரூபாய்; தையற்கூலி தனி. உரிமையாளர் பாதியை ஏற்க முன்வந்தார். ‘சொன்ன விலை சொன்ன விலைதான்’ என்று காரியதரிசி மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. தம் பணத்தில் அவர் மறுக்கவில்லையே, அங்கத்தினர் பணத்திலன்றோ மறுத்தார்! சுருங்கிய மேற்கட்டியை வெட்டிக் கடைக்குப் போகும் பைகளாகத் தைத்து விற்றதில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

மார்கழியில் கூடிய அங்கத்தினர் கூட்டத்தில், நஷ்டத்தைக் காரியதரிசியிடம் வசூலிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து நெசவாளர் அம்மையார் ஒருவர் எழுந்து, “சார், அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதே?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். முக்கோணத்தைத் தரையில் வரைந்து பார்க்காமல் கையொப்பமிட்டது என் தவறு என்பதையும் கூறினேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் தலைவர், நஷ்டத்தைச் சங்கத்தின் பொதுக்கணக்கில் எழுதுவதென்றும், இனிப் புதுவகைத் துணி எதற்கும் மாதிரி நனைத்து, தரையில் வரைந்து பார்த்த பின்னரே விலை கூறுவதென்றும் தீர்மானம் கொண்டுவந்தார். இரட்டை அடி நெசவுக்குக் கூலி கூட்ட வேண்டும் என்ற திருத்தத்தை அதே அம்மையார் கொண்டுவந்தார். இரண்டும் நிறைவேறின.

தை மாதத்தில் அப்படகு அந்தமான் நோக்கிப் புறப்பட்டது. பின்பாய் ஏற்றப்பட்டதை நானும் காரியதரிசியும் துறைமுகத்தில் நின்று பார்த்தோம். பின்விளிம்பில் ஒரு நடுக்கமும் இல்லை. சித்திரையில் உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. பெரிய பாயைச் சுருட்டி அடிக்கழிமேல் வைக்கும்போது மூடுவதற்கு ஓர் உறை வேண்டுமாம். ‘இ’ 13 அடி என்று குறித்திருந்தார். நான் சங்கத்திற்குச் சென்றபோது காரியதரிசி விலை எழுதியிருக்கவில்லை. முற்றத்துத் தொட்டியில் ஒரு கெஜம் கித்தான் ஊறிக்கொண்டிருந்தது.